வாசித்துக் காட்டு, தம்பி!

குழாயடிச் சண்டை என்றால் நம்மவர்களுக்கு ரொம்ப இளக்காரம். நான் அதைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லப் போகிறேன். குழாயடியில் சண்டை போடுகிறவள் எதிராளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சண்டை போடுகிறாள். ஒரு வார்த்தை எல்லை மீறினால், எதிரே நிற்பவளின் கண் கலங்குவது தெரியும். உதடு துடிப்பது தெரியும். பக்கத்தில் நிற்கும் கிழவி, "போதும், நிறுத்துங்கடி!" என்று குடத்தை நகர்த்துவாள். நாளைக் காலையிலும் இதே குழாய்க்குத்தானே வர வேண்டும் என்ற நினைவு மனசின் ஓரத்தில் இருக்கும். ஆகையால், எந்தக் குழாயடிச் சண்டைக்கும் ஓர் அளவு உண்டு. தண்ணீர் நின்றதும் சண்டையும் நின்றுவிடும்.

இப்போது வீட்டுக்கு வீடு, ஆளுக்கு ஆள், உள்ளங்கையிலேயே ஒரு குழாய் வந்திருக்கிறது. அதில் தண்ணீர் நிற்பதே இல்லை. எதிரே முகமும் இல்லை. குடத்தை நகர்த்துவதற்குக் கிழவியும் இல்லை!

நம் வீட்டுப் பிள்ளைகள் தங்கமான பிள்ளைகள்தான். பதினான்கு, பதினைந்து வயசு. லிப்டில் நமக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். "பை கனமா இருக்கா, ஆன்ட்டி? குடுங்க" என்பார்கள். அதே பிள்ளை அறைக்குள் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஏதோ ஒரு துப்பாக்கி விளையாட்டில் உட்காருகிறான். அடுக்களையில் அம்மா தோசை வார்த்துக்கொண்டிருக்கிறாள். திடீரென்று உள்ளேயிருந்து ஒரு வார்த்தை வந்து விழுகிறது. அம்மாவின் கையில் தோசைத் திருப்பி அப்படியே நின்றுவிடுகிறது.

அந்த வார்த்தை யாரோ ஒரு பிள்ளையின் தாயாரைப் பற்றியது. அந்தப் பிள்ளை கோயம்புத்தூரில் இருக்கிறானா, கட்டாக்கில் இருக்கிறானா, சொன்னவனுக்கே தெரியாது. அவனுடைய தாயாரும் இந்நேரம் ஏதோ ஓர் அடுக்களையில் எதையோ திருப்பிப் போட்டுக்கொண்டுதான் இருப்பாள்.

இம்மாதிரிச் சமயங்களில் பெரியவர்கள் செய்வது பெரும்பாலும் மூன்றில் ஒன்று. முதலாவது, பதிலுக்குப் பதில். "எங்கேடா கத்துக்கிட்டே இதை?" என்று அப்பா பாய்ந்து வருகிறார், வரும்போதே அதைவிட முற்றிய வார்த்தை இரண்டைக் கூட அழைத்துக்கொண்டு வருகிறார். எங்கே கற்றுக்கொண்டான் என்ற கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிடுகிறது! இரண்டாவது, போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டுவது. மூன்றாவது, காது கேளாதது போல் இருந்துவிடுவது. "வயசு அப்படி, தானாகச் சரியாகிவிடும்" என்று நமக்கு நாமே சமாதானம்.

இந்த மூன்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. அந்த வார்த்தை யார் மேல் போய் விழுந்ததோ, அவரைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

* * *

நல்ல பிள்ளை ஏன் இப்படிப் பேசுகிறான்? ஜான் சூலர் என்ற அமெரிக்க மனோதத்துவப் பேராசிரியர் 2004-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நேருக்கு நேர் இருக்கும்போது நம்மைப் பிடித்து நிறுத்தும் கூச்சம், திரைக்குப் பின்னால் போனதும் தளர்ந்துவிடுகிறது என்பது அதன் சாரம். 2012-ல் இஸ்ரேலில் ஹைபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் இதை இன்னும் கொஞ்சம் துருவிப் பார்த்தார்கள். முகம் தெரியாத வாக்குவாதத்தில் வசை வளர்வதற்கு, பெயரை மறைத்துக்கொள்வதைவிடப் பெரிய காரணம் எதிராளியின் கண்ணைப் பார்க்காததுதான் என்று கண்டார்கள். குழாயடிக் கிழவியைக் கேட்டிருந்தால் அவளும் இதையே சொல்லியிருப்பாள்.

இரண்டாவது காரணம், கூட்டம். 2005-ல் அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பர்க் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். திரையில் கார் ஓட்டும் விளையாட்டு. தனியாக விளையாடியபோது ஓரளவு நிதானமாக இருந்த பிள்ளைகள், பக்கத்தில் சிநேகிதர்கள் வந்து நின்றதும் கண்மண் தெரியாமல் ஓட்டினார்கள். பெரியவர்களுக்குச் சிநேகிதர்கள் நின்றாலும் ஒன்றுதான், நிற்காவிட்டாலும் ஒன்றுதான். யோசித்துக் கையைப் பின்னுக்கு இழுக்கிற மூளைப் பகுதி இருபது வயசு தாண்டியும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது என்கிறார்கள் வைத்தியர்கள். பையனின் போனிலோ சிநேகிதர்கள் இருபத்து நாலு மணி நேரமும் பக்கத்தில் நிற்கிறார்கள்!

நம்முடைய இலக்கணக்காரர்களும் இதைப் பற்றி யோசிக்காமல் இல்லை. சபையில் சொல்லக் கூசுகிற சொல்லை மறைத்து வேறு சொல்லால் சொல்வதற்கு 'இடக்கரடக்கல்' என்று பெயர் வைத்தார்கள். 'கால் கழுவி வந்தேன்' என்கிறோமே, அது. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் வழங்கும் சொல்லுக்குக் 'குழூஉக்குறி' என்று பெயர். நன்னூலில் இரண்டும் ஒரே சூத்திரத்தில் நிற்கின்றன. இன்றைய பையன்களுக்கு வசைச் சொல் ஒரு குழூஉக்குறி ஆகிவிட்டது. "நானும் உங்களில் ஒருவன்" என்று காட்டுகிற நுழைவுச் சீட்டு. ஆனால், போனில் எழுதுவது கூட்டத்துக்குள் நிற்பதில்லை. அது சபைக்கு வந்துவிடுகிறது. சபையில் ஒரு மனுஷி உட்கார்ந்திருக்கிறாள் என்பது எழுதுகிறவனுக்குத் தெரிவதில்லை.

தெரியவைப்பதுதான் பெரியவர்களின் வேலை என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர், எங்கள் குடியிருப்பில் இருக்கும் ஓர் அம்மாள்.

* * *

அரசுப் பள்ளியில் முப்பது வருஷத்துக்கு மேல் தமிழ் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். வயசு அறுபத்து நாலு. எல்லோருக்கும் 'டீச்சரம்மா'தான். கணவர் காலமான பிறகு, பொழுது போக வேண்டுமே என்று யூடியூபில் சமையல் செய்து காட்ட ஆரம்பித்தார். லட்சம் பேர் பார்க்கிற சமாசாரமில்லை; சொந்தக்காரர்கள், பழைய மாணவிகள், அவர்களுடைய சிநேகிதிகள். அவ்வளவுதான்.

ஒருநாள் பருப்பு உருண்டைக் குழம்பு செய்து காட்டினார். அதன் கீழே ஒருவன் இரண்டு வரி எழுதியிருந்தான். அவருடைய உடம்பைப் பற்றி ஒரு வரி. அவர் விதவை என்பதைப் பற்றி ஒரு வரி. அதை அச்சில் ஏற்ற முடியாது. அதன் கீழே வரிசையாகச் சிரிக்கிற முகங்கள்.

பிள்ளையாண்டான் பெயரை மாற்றி வைத்திருந்தான். படத்தை மாற்ற மறந்துவிட்டான். எங்கள் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் கிரிக்கெட் மட்டையோடு நிற்கிற படம்! கீழ் மாடிகளில் ஒன்றில் இருக்கும் பையன். வயசு பதினைந்து.

விஷயம் பரவியது. அமெரிக்காவிலிருந்து டீச்சரம்மாவின் மகன் போன் செய்து, "போலீசில் கொடும்மா" என்றான். சங்கத்தின் காரியதரிசி, "அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடலாம், பயம் இருக்கும்" என்றார். இன்னொரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "நீங்க பத்திரிகையிலேதானே இருக்கீங்க? பேரோட போட்டுக் கிழியுங்க!"

வழக்கில் சிக்கிய சிறுவனின் பெயரைக்கூடப் பத்திரிகையில் வெளியிடக் கூடாது என்று 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம் தடுக்கிறது. வழக்கே இல்லாத பையனைக் கிழிப்பதற்கா பத்திரிகை? அவருக்கு அதைச் சொன்னேன். அவருக்குத் திருப்தியில்லை. "அப்போ விட்டுடறதா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான்.

டீச்சரம்மா விட்டுவிடவில்லை. முதலில் அந்த வரிகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு அவற்றை நீக்கினார். பதில் ஒன்றும் எழுதவில்லை. "நறுக்குன்னு நாலு வார்த்தை எழுதியிருக்கலாமே, டீச்சரம்மா?" என்று கேட்டேன்.

"எழுதியிருக்கலாம். ஆனா, அங்கே அவன் மேடையிலே நிக்கிறான். கீழே அவன் கூட்டம் உட்கார்ந்திருக்கு. நான் பதில் சொன்னா அவனுக்கு இன்னொரு காட்சி கிடைக்கும். வகுப்பிலேயும் அப்படித்தான். நாற்பது பேர் நடுவிலே நிக்க வெச்சுத் திட்டினா எந்தப் பையனும் வீரனாயிடுவான். தனியாக் கூப்பிட்டாத்தான் அவன் வெறும் பையன்" என்றார்.

மூன்றாம் நாள் அவர் பையனின் தாயாரைப் பார்த்துச் சொன்னார். அந்த அம்மாள் அழுதுவிட்டார். அப்புறம் கரண்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அடிக்காதேம்மா. அடிச்சுட்டா, கணக்குத் தீர்ந்துபோச்சுன்னு அவன் நினைச்சுப்பான். நாளைக்குச் சாயங்காலம் ரெண்டு பேரும் நம்ம வீட்டுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு வந்தார் டீச்சரம்மா. அந்தச் சாயங்காலம் நடந்ததை இருவரும் தனித்தனியே சொல்லக் கேட்டேன். பெயர் மட்டும் வேண்டாம் என்று சொல்லி, எழுதச் சம்மதித்தார்கள்.

பையன் எழுதிய இரண்டு வரியையும் டீச்சரம்மா ஒரு முழுத் தாளில், கரும்பலகையில் எழுதிப் பழகிய குண்டு குண்டான எழுத்தில், தாமே எழுதி வைத்திருந்தார். தாயாரை அடுக்களையில் உட்கார வைத்துவிட்டுப் பையனிடம் தாளைக் கொடுத்தார்.

"வாசித்துக் காட்டு, தம்பி!"

பையன் தாளைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். முதல் சொல் வந்தது. இரண்டாவது சொல் வரவில்லை.

"கையாலே எழுத வந்ததே, வாயாலே வரலையா?"

தலை குனிந்தது. "உங்களைன்னு நினைச்சு எழுதலை, பாட்டி."

"பின்னே யாருக்காக எழுதினே?"

"பசங்க சிரிப்பாங்கன்னு..."

"எத்தனை பேர் சிரிச்சாங்க?"

"பத்தொன்பது லைக்."

"சரி. பத்தொன்பது பேர் சிரிச்சாங்க. இருபதாவதா ஒருத்தியும் அதை வாசிச்சா. தாத்தா போய் நாலு வருஷமாச்சு. அவருக்குப் பிடிச்ச குழம்புன்னுதான் அன்னிக்கு அதைப் பண்ணினேன். நீ எழுதினதை ராத்திரி பதினொரு மணிக்குத் தனியா உட்கார்ந்து வாசிச்சேன். அவ்வளவுதான், தம்பி. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன். நீ என்ன செய்யப் போறே?"

"நீக்கிடறேன், பாட்டி."

"அதை நான் நீக்கிட்டேன். வேற?"

பையன் வெகு நேரம் யோசித்தான். அன்று இரவு தன்னுடைய சிநேகிதர் குழுவில், "அந்தப் பாட்டியைப் பத்தி இனிமே யாரும் எழுதாதீங்க. நான் எழுதினது தப்பு" என்று போட்டான். உடனே அத்தனை வசையும் அவன் மேல் திரும்பியது! 'நல்ல பிள்ளை'யில் ஆரம்பித்து, அவன் தாயார் வரையில் போனார்கள். முதல் தடவையாக அந்த வார்த்தைகள் எங்கே போய்க் குத்தும் என்று அவனுக்குத் தெரிந்தது. "அது அவன் தானே கட்டின அபராதம். நான் போட்டிருந்தா இவ்வளவு பெரிசாப் போட்டிருக்க மாட்டேன்" என்றார் டீச்சரம்மா.

பையன் மறுநாளே மகாத்மா ஆகிவிட்டான் என்று கதை சொல்ல நான் வரவில்லை. லிப்டில் டீச்சரம்மா ஏறினால், அவன் மாடி எண்ணையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். விளையாட்டு மும்முரத்தில் பழைய வார்த்தை இன்னும் வருகிறது என்கிறார் அவன் தாயார். ஆனால், ஓர் ஆளைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் கை கொஞ்சம் நிற்கிறதாம்.

* * *

இந்த மருந்து எல்லா நோய்க்கும் ஆகாது. இதையும் சொல்லியாக வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். அவள் நடனமாடிய படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, கூடப் படிக்கும் பையன்கள் சிலர் வாட்ஸ்அப் குழுவில் தினமும் எழுதிவந்தார்கள். நாலு மாதம் அவள் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. "ஏன்டா கண்ணா சொல்லலை?" என்று கேட்டதற்கு, "சொன்னா போனைப் பிடுங்கிடுவாங்க, டான்ஸ் கிளாஸையும் நிறுத்திடுவாங்க" என்றாள். விஷயம் தெரிந்ததும் அவள் தகப்பனார் சரியாக அந்த இரண்டையும்தான் செய்தார்! எழுதிய பையன்களின் போன் அவர்கள் கையிலேயே இருந்தது.

பெண்ணைப் பெற்றவர்களுக்குக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லுகிறேன். உங்கள் மகள் இப்படி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினால், முதல் வார்த்தை, "நல்ல வேளை, சொன்னாய், உன் மேல் தப்பு ஒன்றுமில்லை" என்று இருக்கட்டும். போனை அவள் கையிலேயே விட்டுவையுங்கள். அந்தப் பையன்களுக்கு எதிரே அவளை உட்கார வைத்து 'வாசித்துக் காட்டு' நடத்தாதீர்கள். டீச்சரம்மாவுக்கு அறுபத்து நாலு வயசு, பின்னால் முப்பது வருஷ வகுப்பறை இருந்தது. பதினாறு வயசுப் பெண்ணுக்கு அந்தப் பாரம் கூடாது. பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரிடம் நீங்கள் போங்கள். எழுதியதையெல்லாம், தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மிரட்டல் வந்தாலோ, படத்தை ஆபாசமாக மாற்றிப் போட்டாலோ, ஒருவன் விடாமல் துரத்தினாலோ, அது பிள்ளை விளையாட்டு இல்லை. மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் தளத்தில் எழுதலாம். 1930 என்ற எண்ணில் கேட்கலாம். குழந்தைகளுக்கென்றே 1098 இருக்கிறது. ஆபாசமானதை மின்வழியில் பரப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு பாயும். அந்தப் பிரிவில் ஆரம்ப காலத்தில் தண்டனை பெற்றுத் தந்த வழக்குகளில் ஒன்று நம் எழும்பூர் நீதிமன்றத்தில், 2004-ல் நடந்தது. ஒரு பெண்ணைப் பற்றி இணையத்தில் அவதூறாக எழுதியவன் சிறைத் தண்டனை பெற்றான். அவன் வயசு வந்தவன்.

ஆனால், வாய்க் கொழுப்பெல்லாம் சட்டத்தின் வேலை அல்ல. கல்லூரி மாணவர்களைப் பற்றிய ஒரு தொடர்ப் படத்தின் வழக்கில், வசைச் சொல்லாக இருப்பதனாலேயே ஒரு பேச்சு சட்டப்படி ஆபாசமாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் சொல்லிவிட்டது. பதினெட்டு வயசு நிரம்பாத பிள்ளை என்றால், வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். புத்தி சொல்லி வீட்டுக்கு அனுப்பவும், சமூக சேவை செய்யச் சொல்லவும் அதற்கு அதிகாரம் உண்டு. அதாவது, சட்டமும் கடைசியில் பிள்ளையை நம் வாசலில்தான் கொண்டுவந்து விடுகிறது!

ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயசுக்குக் குறைந்தவர்கள் பெரிய சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்திருக்க முடியாதபடி சட்டமே வந்துவிட்டது. நல்லதோ கெட்டதோ, அந்தத் தடையும் பதினாறாவது பிறந்த நாளன்று முடிந்துவிடும். மறுநாள் அந்தப் பிள்ளை என்ன பேசுவான் என்பது அதற்கு முன்பு வீட்டில் கேட்டதைப் பொறுத்தது.

* * *

பெண்கள் மனம் விட்டுப் பேச வேண்டிய விஷயம் இன்னும் ஒன்று இருக்கிறது. நம்முடைய வசைச் சொற்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். சண்டை இரண்டு ஆண்பிள்ளைகளுக்குள். திட்டு விழுவது தாயார் மேல், தமக்கை மேல், கட்டினவள் மேல். கோல் போட்டவன் ஒருவன், ஆட்டத்தில் தோற்றவன் ஒருவன். மானம் போவது ஒரு பாவமும் அறியாத ஒருத்திக்கு. இது என்ன நியாயம்?

பன்னிரண்டு, பதின்மூன்று வயசுப் பையன்கள் பலருக்குத் தாங்கள் சொல்வதன் அர்த்தமே முழுசாகத் தெரியாது. தெரியாத வரையில் அது வெறும் சத்தம். "நீ சொன்ன வார்த்தைக்கு என்ன அர்த்தம் தெரியுமா?" என்று, சாப்பாட்டு வேளையில் அல்ல, நாலு பேர் நடுவிலும் அல்ல, தனியாக, குரலை உயர்த்தாமல் கேட்டுப் பாருங்கள். அர்த்தத்தைச் சொல்லக் கூச்சமாக இருந்தால், "அது என்னையும் உன் தங்கையையும் சொல்கிற வார்த்தை" என்று சொன்னால் போதும். இதைத் தகப்பனார் சொன்னால் இன்னும் நல்லது. "அம்மாவுக்குப் பிடிக்காது" என்பது ஒரு வீட்டு விதி. "எனக்கும் பிடிக்காது" என்று அப்பா சொல்லும்போதுதான் அது ஆண்பிள்ளைகளின் விதியும் ஆகிறது.

வசைக்கென்றே பெயர் வாங்கிய காளமேகப் புலவர் நம் மொழியில்தான் இருந்தார். அவரும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போகவில்லை. எதுகை, மோனை பார்த்து, தளை தட்டாமல் திட்டினார்! உங்கள் வீட்டுப் பிள்ளைக்குத் திட்டியே ஆக வேண்டுமென்றால் ஒரு வெண்பா எழுதச் சொல்லுங்கள். ஈற்றடி வருவதற்குள் கோபம் ஆறிவிடும்.

அது கிடக்கட்டும். இன்று சாயங்காலம் காரில் எல்லோருமாக வெளியே கிளம்புவீர்கள். கத்திப்பாராவிலோ, கோயம்பேட்டிலோ, ஒரு மோட்டார் சைக்கிள்காரன் குறுக்கே புகுவான். முன் இருக்கையிலிருந்து ஒரு வார்த்தை புறப்படும். கண்ணாடி ஏற்றியிருக்கிறது, மோட்டார் சைக்கிள்காரனுக்குக் காது கேட்கப் போவதில்லை. பின் இருக்கையில் பன்னிரண்டு வயசுப் பிள்ளை ஒருவன் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு நன்றாகக் கேட்கும். அவன் தகப்பனாரிடம், "வாசித்துக் காட்டுங்கள்" என்று யாரும் தாளை நீட்டப் போவதில்லை. ஆகவே, அந்த வேலையை வீட்டுக்கு வந்ததும் நீங்களே, தனியாகக் கூப்பிட்டு, செய்துவிடுங்கள்!